கனவை எழுதினீர்கள், கூலியை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை ஒட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இணையப் பதிப்பில் படித்தேன். நான் இருப்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கிங் பிறந்த அட்லாண்டாவுக்கு வடக்கே, காரில் முக்கால் மணி நேரத் தூரத்தில். கட்டுரையைக் குறை சொல்ல முடியாது, மரியாதையோடுதான் எழுதியிருந்தார்கள். மான்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு, வாஷிங்டன் பேரணி, கனவுப் பேச்சு, நோபல் பரிசு, எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரே வரி: 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அவர் மெம்பிஸுக்கு எதற்குப் போனார் என்று கட்டுரை முழுக்கத் தேடினேன், இல்லை.

குப்பை அள்ளும் தொழிலாளர்களின் கூலிக்காகப் போனார்.

இது உங்கள் நாளிதழில் மட்டும் நடப்பதல்ல. இங்கே அமெரிக்காவிலேயே ஒவ்வொரு ஜனவரியிலும் இதுதான் நடக்கிறது. மூன்றாவது திங்கட்கிழமை அரசு விடுமுறை, பள்ளியில் பிள்ளைகள் 'எனக்கொரு கனவு' என்று காகிதத்தில் மேகம் வெட்டி ஒட்டுவார்கள், நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களிலும் அவர் படம் ஒன்று வரும், நான்கு பேர் கும்பிடு போடுவார்கள். நானும் பல வருஷம் போட்டிருக்கிறேன். அவர் கேட்டது என்ன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் தேடிப் படிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1968 பிப்ரவரி 1, மெம்பிஸில் நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்று இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள். குப்பை வண்டியின் முன்பக்கத்தில் இடமில்லை, வெள்ளையர் குடியிருப்புகளில் எந்த வீட்டு ஓரத்திலும் கறுப்பினத் தொழிலாளர்கள் ஒதுங்கி நிற்கக் கூடாது, அதனால் வண்டியின் பின்னால் குப்பையைப் போட்டு நசுக்கும் பகுதிக்குள்ளேயே ஏறி நின்றார்கள். இயந்திரம் தானாக ஓட ஆரம்பித்து, இருவரையும் உள்ளே இழுத்து நசுக்கிவிட்டது. அந்தப் பழைய வண்டிகள் ஆபத்தானவை என்று தொழிலாளர்கள் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். செத்தவர்களின் குடும்பத்துக்கு நகர நிர்வாகம் ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும் கொடுத்தது. அவ்வளவுதான்.

பதினோரு நாள் கழித்து, பிப்ரவரி 12 அன்று, சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. ஓட்டை விழுந்த தொட்டிகளில் குப்பையைத் தலையிலும் தோளிலும் சுமந்தவர்கள் அவர்கள், அழுகிய தண்ணீரும் புழுவும் சட்டைக்குள் வழியும், வீட்டுக்குப் போனால் வாசலிலேயே உடுப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். முழு நேரம் உழைத்தும் பலருக்குக் குடும்பம் நடத்த அரசு உதவி வாங்க வேண்டிய நிலை. மணிக்கு இரண்டு டாலர்கூடக் கிடைக்காது. சங்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், கூலியை உயர்த்துங்கள் என்று கேட்டார்கள். மேயர் ஹென்றி லோப் முடியவே முடியாது என்றார். அப்போதுதான் அந்த அட்டைகள் வந்தன. 'நான் ஒரு மனிதன்' என்று மட்டும் எழுதிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வரிசையாக, துப்பாக்கியில் கத்தி மாட்டி நின்ற ராணுவத்தினரைத் தாண்டி அவர்கள் நடந்துபோகிற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கிங் மார்ச் 18 அன்று அங்கே போய்ப் பேசினார். இவ்வளவு பணக்கார நாட்டில் மனிதர்களைப் பட்டினிக் கூலியில் வாழவைப்பது குற்றம் என்றார். வெள்ளையரோடு ஒரே உணவகத்தில் உட்கார உரிமை கிடைத்துவிட்டது, ஆனால் உட்கார்ந்து ஒரு ஹாம்பர்கர் வாங்கக் காசு இல்லையென்றால் அந்த உரிமையால் என்ன பயன் என்று கேட்டார். மார்ச் 28 ஊர்வலத்தில் கலவரமாகி, லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையன் போலீஸ் சுட்டுச் செத்தான். அப்படியே விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் கிங் திரும்பி வந்தார். ஏப்ரல் 3 இரவு, வெளியே புயல் மழை, மேசன் டெம்பிளில் கடைசியாகப் பேசினார். மறுநாள் மாலை 6 மணிக்கு லொரெய்ன் மோட்டலின் மாடி முகப்பில் நின்றுகொண்டிருந்தபோது சுடப்பட்டார்.

நான்கு நாள் கழித்து, கணவரை இன்னும் அடக்கம்கூடச் செய்யாத நிலையில், கொரெட்டா ஸ்காட் கிங் அந்தத் தொழிலாளர்களோடு மெம்பிஸ் தெருக்களில் நடந்தார். ஏப்ரல் 16 அன்று உடன்பாடு வந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம், மே மாதம் முதல் மணிக்கு 10 சென்ட் உயர்வு, செப்டம்பரில் இன்னும் 5 சென்ட்.

அந்த 15 சென்டைத்தான் நாம் ஒவ்வொரு வருஷமும் எழுதாமல் விடுகிறோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மகளை அழைத்துக்கொண்டு மெம்பிஸ் போனேன். அந்த லொரெய்ன் மோட்டல் இப்போது தேசிய குடிமை உரிமை அருங்காட்சியகம். கிங் தங்கியிருந்த 306ஆம் எண் அறைக்கு வெளியே, கம்பியில், வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் வைத்துக் கட்டிய ஒரு வளையம் தொங்குகிறது. கீழே பழைய கார்கள் இரண்டு, அன்றைக்கு நின்ற மாதிரியே. ஆனால் என்னை அசைத்தது உள்ளே இருக்கிற குப்பை வண்டி. நிஜ வண்டி அளவு, அதன் பக்கத்தில் அட்டையோடு நிற்கிற மனித உருவங்கள். பன்னிரண்டு வயது மகள் வண்டியின் பின்பக்கம் போய் வெகுநேரம் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கேட்டாள்: "அம்மா, மழை பெய்யும்போது யாராவது அவங்களை வீட்டுக்குள்ள கூப்பிட்டிருந்தா போதும்ல?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஊர் திரும்புகிற வழியெல்லாம் ஆறு மணி நேரம் அதையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

ஏன் இந்தப் பாதியை மறைக்கிறார்கள் என்று யோசித்தால் காரணம் கஷ்டமானதில்லை. கனவு யாருக்கும் செலவு வைக்காது, கூலி உயர்வு வைக்கும். இன்றைக்கு எல்லாரும் கொண்டாடுகிற இதே மனிதரை, 1966இல் காலப் நிறுவனம் கருத்துக் கேட்டபோது, 63 சதவீத அமெரிக்கர்கள் பிடிக்கவில்லை என்றார்கள். அந்த வருஷம்தான் அவர் வடக்கே சிகாகோவுக்குப் போய், ஏழைகள் வாழும் பகுதியில் வாடகைக்குக் குடியிருந்து, வீட்டுப் பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் போனார், தலையில் கல் விழுந்தது. பேருந்தில் எங்கே உட்காருவது என்பதைப் பேசியவரை சகித்துக்கொண்டவர்கள், எந்தத் தெருவில் குடியிருப்பது, எவ்வளவு சம்பளம் என்று பேச ஆரம்பித்ததும் விலகிப் போனார்கள்.

அவர் கூலியைப் பேச ஆரம்பித்தது கடைசிக் காலத்தில்தான் என்றும் இல்லை. 1963 ஆகஸ்ட் 28 பேரணியின் முழுப் பெயரே 'வேலைக்கும் விடுதலைக்குமான வாஷிங்டன் பேரணி'. வேலை என்ற சொல் முன்னால் வருகிறது. அதை நடத்திக் காட்டியவர்கள் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃபும் பேயார்ட் ரஸ்டினும். அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று, நாடு முழுவதற்கும் மணிக்கு 2 டாலர் குறைந்தபட்சக் கூலி. அன்றைய 2 டாலர் இன்றைய விலைவாசியில் 20 டாலரை ஒட்டி வரும்.

இன்றைக்கு அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு தெரியுமா? 7 டாலர் 25 சென்ட். 2009 ஜூலையில் வைத்தது, இன்னும் அதே. வாரம் 40 மணி நேரம், வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் உழைத்தாலும் 15,080 டாலர்தான். 1968இல் அது 1.60 டாலராக இருந்தது, விலைவாசியைக் கணக்குப் போட்டால் அதன் மதிப்பு இன்றைய 14 டாலருக்கு மேல். ஆக, கிங் பட்டினிக் கூலி என்று சொன்ன காலத்தில் சட்டம் உறுதி செய்ததில் பாதியைத்தான் இன்றைய சட்டம் உறுதி செய்கிறது. பல மாநிலங்கள் தாங்களே உயர்த்திக்கொண்டன, அது உண்மை. ஆனால் சொந்தமாகக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இல்லாத மாநிலங்கள் ஐந்து: அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, தென் கரோலினா, டென்னசி. ஐந்தும் தெற்கே, ஐந்தும் அடிமை முறை வேரூன்றியிருந்த மண். மெம்பிஸ் இருப்பது டென்னசியில்தான். எங்கள் ஜார்ஜியாவில் சட்டம் இருக்கிறது, அதில் எழுதியிருப்பது 5 டாலர் 15 சென்ட், அது கூட்டரசு அளவைவிடக் குறைவு என்பதால் பெரும்பாலோருக்குக் கூட்டரசின் 7.25 பொருந்துகிறது. ஜார்ஜியா கிங்குக்குத் தலைமைச் செயலக வளாகத்தில் 2017இல் சிலை வைத்தது. கூலியைத் தொடவில்லை.

பர்மிங்ஹாமையும் சொல்லியாக வேண்டும். 1963இல் கிங்கைச் சிறையில் போட்ட ஊர், சின்னப் பிள்ளைகள் மேல் நாயை ஏவிய ஊர், செப்டம்பரில் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்ற ஊர். அந்த நகரத்தின் மன்றம் 2016இல், தங்கள் ஊர் எல்லைக்குள் குறைந்தபட்சக் கூலி 10 டாலர் 10 சென்ட் என்று உயர்த்த முடிவெடுத்தது. அங்கே பெரும்பான்மை கறுப்பின மக்கள், தங்கள் ஊருக்குத் தாங்களே எடுத்த முடிவு. அலபாமா மாநிலச் சட்டமன்றம் அவசர அவசரமாக ஒரு சட்டம் போட்டு, எந்த நகரமும் தனியாகக் கூலியை உயர்த்தக் கூடாது என்று அதை ரத்து செய்தது. ஓட்டுப் போடும் உரிமைக்காக உயிரைக் கொடுத்தார்கள், ஓட்டுப் போட்டு மன்றத்தைப் பிடித்தார்கள், ஆனால் அந்த மன்றம் எடுத்த முடிவு செல்லாது. இனத்தையும் பணத்தையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்று கிங் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது இதைப் படித்த பிறகுதான்.

சட்டம் புள்ளிவிவரம் எல்லாம் போகட்டும், எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் சாயங்காலம் ஐந்தரைக்குமேல் துப்புரவு வேலைக்கு வருவார். அறுபது வயதுக்கு மேல், கறுப்பினப் பெண்மணி. அட்லாண்டாவுக்குத் தெற்கே காலேஜ் பார்க்கில் வீடு. அங்கே அட்லாண்டாவின் பொதுப் போக்குவரத்தான மார்ட்டாவின் ரயில் ஏறி, ஊரையே குறுக்காகக் கடந்து, வடக்கே கடைசி நிலையமான நார்த் ஸ்பிரிங்ஸில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடித்து ஆல்ஃபரெட்டா வருகிறார். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வேலை முடிகிற நேரத்துக்குப் பேருந்து குறைவு, அதனால் குப்பைப் பையைக் கட்டும்போதே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கட்டுவார். ஒரு நாள் மழையில் நானே நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கிங்கின் இறுதி ஊர்வலத்தைப் பார்த்தாராம், அவர் உடலைக் கோவேறு கழுதைகள் பூட்டிய சாதாரண வண்டியில் வைத்து இழுத்துப் போனார்களே, அதை. அன்றைக்கு அவர் அம்மாவும் யாரோ ஒருவர் வீட்டைப் பெருக்கிவிட்டுத்தான் வந்திருந்தாராம். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் ஸ்டீயரிங்கில் கை நடுங்கியது.

இந்த ரயில் ஏன் சுற்றியுள்ள கவுண்டிகளுக்கெல்லாம் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வரவில்லை? பக்கத்து க்வினெட் கவுண்டியில் 1971இல் முதன்முதலாக மார்ட்டாவில் சேரலாமா என்று மக்களிடம் கேட்டார்கள், வேண்டாம் என்றார்கள். அப்போது சொன்ன காரணம் வரி, உள்ளே இருந்த காரணம் கறுப்பின மக்கள் நம் பக்கம் வந்துவிடுவார்கள் என்ற பயம், இது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். 1990, 2019, 2020, 2024 என்று பொதுப் போக்குவரத்துக்கான வாக்கெடுப்பு திரும்பத் திரும்ப வந்தது, திரும்பத் திரும்பத் தோற்றது. பின்னால் வந்த தேர்தல்களில் நம் ஆட்களும் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், எப்படிப் போட்டார்கள் என்று விருந்துகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

இனி நான் குடியிருக்கிற இடத்துக்கே வருகிறேன், இதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை அனுப்ப எனக்கு மனசு வராது. ஃபோர்சைத் கவுண்டி. நல்ல பள்ளிக்கூடம், பெரிய வீடு, பக்கத்தில் லேனியர் ஏரி. தமிழர்கள் இங்கே ஏராளம், தமிழ்ப் பள்ளி இருக்கிறது, பொங்கல் விழா நடக்கிறது. வீடு வாங்கும்போது எல்லாரும் கேட்கிற மாதிரி 'ஏரியா எப்படி, ஸ்கூல் ரேட்டிங் எப்படி' என்று கேட்டுத்தான் நாங்களும் வாங்கினோம். இந்த மண்ணில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

1912 செப்டம்பரில் இங்கே ஒரு வெள்ளைப் பெண் கொல்லப்பட்டார். ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பின இளைஞரை கம்மிங் ஊர்ச் சிறையிலிருந்து கும்பல் இழுத்துக்கொண்டு போய்க் கொன்று தொங்கவிட்டது. பதின்ம வயதுப் பையன்கள் இருவரைப் பெயருக்கு விசாரித்துத் தூக்கில் போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. இரவில் குதிரையில் போய்ச் சுட்டும் தீ வைத்தும், கவுண்டியில் இருந்த சுமார் 1,100 கறுப்பின மக்களையும் சில வாரங்களுக்குள் துரத்திவிட்டார்கள். அவர்களில் சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள், தேவாலயம் கட்டியவர்கள் இருந்தார்கள். சிலர் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள், சிலர் அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள், விட்ட நிலத்துக்கு அக்கம்பக்கத்தார் வரி கட்டித் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு இது வெள்ளையர் மட்டும் வாழும் கவுண்டி. 1987 ஜனவரியில், கிங் விடுமுறை நாள் நடைமுறைக்கு வந்த இரண்டாம் வருஷம், அவர் நினைவாக ஒரு சிறு ஊர்வலம் இங்கே வந்தபோது கல்லெறிந்தார்கள். அடுத்த வாரமே சுமார் 20,000 பேர் திரண்டு வந்து நடந்தார்கள். அவர்கள் அன்று நடந்திராவிட்டால் என்னைப் போன்ற நிறத்தில் இருக்கிற ஒருத்தி இங்கே வீடு வாங்கியிருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நிலம் போனால் என்ன, உழைத்துத் திரும்பச் சம்பாதிக்கலாமே என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில். அமெரிக்காவில் சாதாரணக் குடும்பத்தின் சொத்து என்றால் வீடுதான், அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும், கல்லூரிச் செலவுக்கும் கடை வைக்கவும் அதை வைத்துத்தான் கடன் வாங்குவார்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களை 1930களில் அரசே வரைபடத்தில் சிவப்பு மை அடித்துக் காட்டியது, அங்கே வீட்டுக் கடன் கிடைக்காது. பாகுபாட்டைத் தடுக்கும் வீட்டு உரிமைச் சட்டம் வந்ததே கிங் செத்து ஒரு வாரம் கழித்துத்தான், 1968 ஏப்ரல் 11. விளைவை இன்றைக்கும் எண்ணிப் பார்க்கலாம்: 2022இல் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் எடுத்த கணக்கின்படி நடுத்தர வெள்ளையர் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். ஆசியக் குடும்பங்களுக்கு 5,36,000. அந்தக் கடைசி எண்ணில் நாமும் இருக்கிறோம்.

இங்கேதான் நம் வீட்டு விருந்துகளில் வரும் பேச்சு எனக்கு வலிக்கிறது. நாம் ரெண்டு பெட்டியோடு வந்தோம், உழைத்தோம், முன்னேறினோம், அவர்களுக்கு என்ன? நல்ல மனிதர்கள், எனக்கு வேண்டியவர்கள், இதைச் சொல்கிறார்கள். நாம் உழைத்தோம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ரெண்டு பெட்டியோடு உள்ளே வரக் கதவைத் திறந்தது யார்? 1923இல் பகத் சிங் திண்ட் என்பவர் குடியுரிமை கேட்டுப் போனபோது, இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, அதனால் குடிமக்களாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 1946இல் தடை நீங்கியபோதும் இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு 100 பேர்தான் குடியேறலாம். 1964இல் குடிமை உரிமைச் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அதே வருஷம் அக்டோபர் 3 அன்று நாட்டுக்கு இத்தனை பேர் என்று பிறந்த நாட்டை வைத்துப் பாகுபடுத்திய ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டம். மூன்றும் ஒரே அலையில் வந்தவை. வாக்குரிமைக்காக ஊர்வலம் போய் செல்மா பாலத்தில் மண்டை உடைந்தது அவர்களுக்கு, கிரீன் கார்டு கிடைத்தது நமக்கு. படித்து, பொறியாளராக, மருத்துவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு விமானத்தில் வந்த நம்மையும், 250 வருஷம் கூலியே இல்லாமல் வேலை வாங்கப்பட்டு வெறுங்கையோடு விடப்பட்டவர்களையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓட்டப் பந்தயம் வைப்பது நியாயமில்லை. விடுதலையானவர்களுக்கு 1865இல் தருவதாகச் சொன்ன 40 ஏக்கரை அந்த வருஷமே பிடுங்கிக்கொண்டது அரசு. 1862 சட்டப்படி மேற்கே குடியேறியவர்களுக்கு 160 ஏக்கர் ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்ததும் அதே அரசுதான். கிங் இதைத் தன் பேச்சுகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

நமக்கும் அவருக்கும் இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. 1959இல் கிங் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார், தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமை ஆசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் அதிர்ச்சி, கொஞ்சம் கோபமும்கூட. அப்புறம் தன் நாட்டில் வறுமையில் அடைபட்டுக் கிடக்கும் 2 கோடி மக்களை நினைத்துப் பார்த்தார், ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான், அமெரிக்காவின் ஒவ்வொரு கறுப்பினத்தவரும் தீண்டத்தகாதவர்தான் என்று ஒத்துக்கொண்டார். 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவின் எபினேசர் தேவாலயத்தில் அவரே இதைச் சொன்னார். அவர் சாதியையும் இனத்தையும் ஒன்றாகப் பார்த்தார். நாமோ சாதியைப் பெட்டியில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறோம். 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தில் தடை செய்தபோதும், கலிஃபோர்னியாவில் அதே மாதிரி மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி ஆளுநரின் மறுப்பில் விழுந்தபோதும், எதிர்த்து நின்றவர்களில் நம்மவர்கள் நிறைய. ஜனவரியில் கிங் படத்தைப் பகிர்ந்துவிட்டு, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் அப்பா பேரையும் ஊரையும் துருவித் துருவிக் கேட்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நானும் விலக்கில்லை. ஆறு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நடுத்தர வாடகையில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுவதாகத் திட்டம் வந்தது. பள்ளியில் கூட்டம் சேரும், வீட்டு விலை இறங்கும், போக்குவரத்து தாங்காது என்று மனு ஒன்று வீடு வீடாக வந்தது. நான் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். கவுண்டி திட்டத்தை நிராகரித்தது, எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தார்கள். அந்தக் குடியிருப்பு வந்திருந்தால் அந்தத் துப்புரவு அம்மா மாதிரி எத்தனை பேர் தினமும் நாலு மணி நேரம் ரயிலிலும் பேருந்திலும் கழிக்காமல் இங்கேயே குடியிருந்திருப்பார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகள் என் மகளோடு ஒரே பள்ளியில் படித்திருப்பார்கள். 1912இல் துரத்தினார்கள், இப்போது நாம் உள்ளே வரவிடாமல் பார்த்துக்கொள்கிறோம். கையில் தீப்பந்தம் இல்லை, கையெழுத்துதான். ஆனால் அந்தக் கையெழுத்து என்னுடையது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் நாளிதழை அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் படிக்கிறார்கள், அவர்கள் இங்கே ஓட்டுப் போடுகிறார்கள், வீடு வாங்குகிறார்கள், ஆட்களை வேலைக்கு வைக்கிறார்கள், நிறுவனம் நடத்துகிறார்கள். அடுத்த ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் தொழிலாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்கள். கோல், வாக்கர் இருவர் பெயரையும் தலைப்பில் போடுங்கள். அந்த 1,300 பேரில் மிச்சமிருந்த சிலருக்கு, ஓய்வூதியத்தில் நடந்த அநியாயத்துக்கு ஈடாக, மெம்பிஸ் நகரம் 2017இல்தான் பணம் கொடுக்க முன்வந்தது. ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து. அவர்களில் ஒருவர் எண்பது வயதைத் தாண்டியும் குப்பை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் எழுதுங்கள். 7 டாலர் 25 சென்டைப் பற்றி எழுதுங்கள். வாஷிங்டன் பேரணியின் முழுப் பெயரை இனிமேல் முழுசாகவே அச்சிடுங்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு குடியிருப்புத் திட்டம் இப்போது வந்திருக்கிறது, மனுவும் வந்துவிட்டது. அடுத்த மாதம் கவுண்டி ஆணையர்கள் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். திட்டத்துக்கு ஆதரவாகப் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்றும் வருவதாகச் சொல்லியிருக்கிறது, மகளும் வருகிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஃபோர்சைத் கவுண்டி, ஜார்ஜியா